வியாழக்கிழமையே அழைத்து வந்தேன்

கார்த்திகை 10, செவ்வாய்

காலையில் வெயில். பத்து மணிக்கு மேல் மூட்டம். காற்றே இல்லை, தென்னங்கீற்று கூட அசையவில்லை. அதுதான் பிடிக்கவில்லை. டி.வி.யில் புயல், புயல் என்று ஒரே கத்தல். நாளை ராத்திரி கரையைக் கடக்குமாம், மரக்காணத்துக்கும் கடலூருக்கும் நடுவில். நடுவில் என்றால் நாங்கள்தான்.

ஆனது: பின்கட்டு ஷீட் மேல் மணல் மூட்டை. தென்னையில் காய்ந்த மட்டை, காய் எல்லாம் இறக்கியாயிற்று. கரண்டு போவதற்குள் மோட்டார் போட்டு டிரம், அண்டா, குடம் எல்லாம் ரொப்பியாயிற்று. மெழுகுவத்தி, தீப்பெட்டி சம்படத்தில். அரிசி மூட்டை, மெத்தை, பீரோ கீழ்த்தட்டுத் துணி எல்லாம் பரணில். நானும் இவருமாக ஏற்றினோம். இடுப்பு போயிற்று.

ஆகாதது: கேஸ். டார்ச்சுக்கு பேட்டரி. இவருக்கு லீவு. சேதராப்பட்டு கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் சூப்பர்வைசரிடம் வாய் திறக்கத் தெரியாது. வீட்டில் மட்டும் நாட்டாமை.

பவித்ரா காலை நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் மாதம், கால் வீக்கம். எதையும் தூக்காதே என்றால் முறைக்கிறாள்.

சாயங்காலம் நர்சம்மா வந்தார். இந்த மாதம் பிள்ளை பெறப்போகிறவர்களை எல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்லி வீடு வீடாகச் சொல்கிறாராம். "வில்லியனூர்லதான மாமியார் வூடு? மேடு, ஆஸ்பத்திரியும் கிட்ட. அங்க வுடு. ராத்திரில வலி எடுத்தா ஆம்புலன்ஸ் இங்க வருமா இன்னா?"

சொல்வது சுலபம். வளைகாப்பு முடித்து நான் அழைத்து வந்த பெண். முதல் பிரசவம் அம்மா வீட்டில். அதற்கு முன்னால் திருப்பி அனுப்பினால் ஊர் என்ன பேசும்? அதிலும் அந்த சம்பந்தி அம்மா. வளை போடும்போது அத்தனை பேர் எதிரில், "பள்ளத்துல இருக்கற வூடு, பாத்துக்குங்க சம்பந்தி" என்றாள். இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

இவர் அனுப்பிவிடலாம் என்கிறார். செவ்வாய்க்கிழமையில் பெண்ணை வெளியே அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

புதன்

விடியும்போதே தூறல். காற்று ஆரம்பித்துவிட்டது.

மாப்பிள்ளையே கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இவர்தான் போன் பண்ணியிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். கோபம் வந்தது. ஆனால் வாசலில் கார் நின்றதும் மனசு லேசானதும் உண்மை. புயலுக்கு மட்டும், ஒரு ராத்திரி, என்று இரண்டு தரம் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். ஸ்கேன் ஃபைல், ஆதார், மாத்திரை, இரண்டு நைட்டி. ஸ்வெட்டர் வைக்க மறந்துவிட்டேன்.

கார் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நாலு தரம் தாழ்ப்பாளைப் பார்த்தேன். வந்த பூனையை விரட்டினேன், பிறகு கூப்பிட்டேன். எதிர்வீட்டு செல்வி, "ஒக்காரேன்க்கா, பாக்கறதுக்கே எனக்குத் தலைய சுத்துது" என்கிறாள். உட்கார முடிந்தால் உட்காரமாட்டேனா.

இவர் ஷிப்டுக்குப் போகவில்லை. கம்பெனியே லீவு விட்டுவிட்டது. ஆக, கேட்காமலே கிடைத்தது.

வியாழன்

புயல் வந்தது, போயிற்று. ஒரு கண் மூடவில்லை. பின்கட்டில் ஒரு ஷீட் உடைந்தது, முருங்கை விழுந்தது. வேறொன்றும் இல்லை. வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. பள்ளத்து வீடாம்!

காலையில் எட்டு மணிக்கே பளீரென்று வெயில். தெருவே துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறது. கரண்டு இல்லை. பவி போன் பண்ணினாள், நல்லாயிருக்கேன்மா, குழந்தை உதைக்குது என்றாள். குரல் கேட்டதும் பாதி உயிர் வந்தது.

மீதி உயிர் வரவில்லை. நாளைக்கு வெள்ளி, மருமகளை வெளியே அனுப்பமாட்டார்கள். சனிக்கிழமை அஷ்டமி. ஞாயிறு, திங்கள் என்று போகும். அதற்குள் வலி எடுத்துவிட்டால்? பெற்றவளால் ஆகவில்லை, மாமியார்தான் பிரசவம் பார்த்தாள் என்று காலத்துக்கும் பேச்சு. எனவே இன்றைக்கே.

இவர் வேண்டாம் என்றார். காதில் வாங்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள், சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சம்பந்தி அம்மா காபி கொடுத்தாள். இரண்டு நாள் இருக்கட்டுமே, ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது என்றாள். புயல்தான் போய்விட்டதே, இனி என்ன என்றேன். வெற்றிலை பாக்கு, குங்குமம் கொடுத்து அனுப்பினாள்.

பவி தட்டிலிருந்த பணியாரத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

இப்போது உள்ளே படுத்திருக்கிறாள். பரணிலிருந்து மெத்தையை இறக்கி விரித்துவிட்டேன். அரிசியும் இறக்கியாயிற்று. வீடு வீடாக இருக்கிறது.

வெள்ளி. வில்லியனூரில், சம்பந்தி வீட்டில் எழுதுகிறேன்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் நல்ல வெயில். மழையே இல்லை. இவர் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்றினேன். பத்து மணி இருக்கும், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம், பெண்ணையாற்றுக் கரையோரம் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டுமாம். புயல் முடிந்த பிறகு எதற்கு இந்தக் கத்தல் என்று செல்வியும் நானும் சிரித்தோம். சிரித்தோம்!

காற்றைப் பார்த்தோம், வானத்தைப் பார்த்தோம். ஆற்றைப் பார்க்கவில்லை. தெருவில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பின்னாலிருந்து, கரும்புத் தோட்டத்துக்குள்ளே புகுந்து, சத்தமில்லாமல். பவிதான் முதலில் பார்த்தாள். கீழே மெத்தையில் படுத்திருந்தவள், "அம்மா, முதுவுல ஈரம்" என்றாள். எனக்கு உயிரே போயிற்று. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் தரையெல்லாம் செம்மண் தண்ணீர்.

அப்புறம் நிற்கவே இல்லை. கணுக்கால், முழங்கால். பவியைக் கட்டில் மேல் உட்கார வைத்துவிட்டு வாசலில் நின்று கத்தினேன். நாலு வீடு தள்ளி ஏழுமலை, டிராக்டர் வைத்திருக்கிறவர், கரும்பு ஏற்றுகிற டிரெய்லரோடு வந்தார். அதற்குள் இடுப்பளவு. இவருக்குப் போன் போகவில்லை, மாப்பிள்ளைக்குத்தான் போயிற்று.

வாசப்படியில் பவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரத்தில், அந்தத் தண்ணீரில், இன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆச்சே என்று ஒரு நினைப்பு வந்ததே! என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும். "ஏறுடி, ஏறு" என்று தள்ளினேன். ஏழுமலையும் செல்வியும் நாற்காலியோடு தூக்கி டிரெய்லரில் வைத்தார்கள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு முனகல் இல்லை. நான்தான் வழியெல்லாம் புலம்பினேன்.

பாகூர் மேட்டில் ஏறினதும் மாப்பிள்ளை கார். நேரே ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டுத் துடிப்பு நன்றாக இருக்கிறது, வலி வந்தால் வாருங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன்.

சனி

வெயில். இவர் வந்துவிட்டார், நேற்றெல்லாம் ரோட்டில் அல்லாடி. எனக்குப் பேச்சு விழும் என்று நினைத்தேன், என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

வீட்டில் போனது: அரிசி, மெத்தை, பீரோத் துணி, மிக்ஸி, டி.வி. பரணில் இருந்த வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போகட்டும். தண்ணீர் வடிகிறதாம், முழங்கால் அளவு சேறு என்று ஏழுமலை போன்.

சம்பந்தி அம்மாவின் புடவையில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து காத்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்வாள் என்று. நான் சொன்னேனா இல்லையா என்று கேட்டால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லலாம், மனசு ஆறும். சொல்லவே இல்லை. வெந்நீர் வைக்கிறாள், தோசை ஊற்றுகிறாள், இன்னொன்று போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். பொறுக்கமுடியாமல் பாத்திரம் எல்லாம் நானே தேய்த்தேன்.

மத்தியானம் பவிக்குத் தலை வாரிவிட்டேன். சேறு வாரி, கழுவி, சுண்ணாம்பு அடித்துவிட்டால் ஒரு வாரத்தில் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் வரலம்மா."

வலி வந்துவிட்டால் இங்கே பிறக்கட்டும், அப்புறமாக அங்கே, என்றேன். திரும்பவே இல்லை. பின்னல் என் கையில்.

"வியாழக்கெழம நீ வந்து கூப்ட்டப்பவே எனக்கு பயமா இருந்திச்சி. அத்த போன்ல ஆத்துல தண்ணி வருதாம்னு யார்கிட்டயோ பேசிக்கினு இருந்தாங்க, காதுல வுழுந்திச்சி. வரலன்னு சொன்னா நீ ஒடிஞ்சி பூடுவ. அதான் வந்தேன்."

பின்னலை முடித்தேன். ரப்பர் பேண்ட் போட்டேன். வேறு என்ன செய்வது. கொல்லைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் பெண் எனக்காகப் பயந்து, எனக்காக வாயை மூடிக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு வந்திருக்கிறாள். நான் பாதுகாத்தேனாம்.

ஞாயிறு. ஆஸ்பத்திரி

மேகமூட்டம், மழை இல்லை. விடிந்ததும் வலி. பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்துவிட்டோம், அவ்வளவுதான் தூரம்.

பிரசவ அறைக்குள் பெண்கள் யாராவது ஒருவர் கூட இருக்கலாமாம். நர்ஸ் வந்து யார் என்று கேட்டார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். இரண்டு எட்டு போனபிறகு நின்றேன். பவியைப் பார்த்து, நீ யாரைச் சொல்கிறாயோ அவங்க வரட்டும் என்றேன். இதுவரை எதையும் அவளைக் கேட்டுச் செய்ததில்லை.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "அத்த வரட்டும்மா. நீ இருந்தா நான் வாய்வுட்டு கத்த மாட்டேன்."

சம்பந்தி அம்மா என்னைப் பார்த்தாள். "போங்க சம்பந்தி" என்றேன். செருப்பை என் காலடியில் விட்டுவிட்டு ஓடினாள்.

வெளியே பெஞ்சில் நான். இவர் டீ வாங்கப் போயிருக்கிறார். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கத்துகிறாள். கதவைத் தாண்டிக் கேட்கிறது. கத்துடி, என் கண்ணு, நல்லா கத்து