எல்லாரும் பார்க்கலாம் என்று போட்டிருந்தது

நேற்றுக் கட்டிய புடவையைத் துவைக்க எடுத்தேன். முந்தானையில் பாப்கார்ன் வெண்ணெய்க் கறை, உன் மகளின் விரல் அகலத்துக்கு. அந்த வாசனை பட்டதும், உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, சித்தூரில் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். அடுப்படியில் சண்டை போட்டதில்லை, சினிமாவுக்குத்தான் போட்டோம். வரவு செலவு எழுதி எழுதியே படிக்கக் கற்றவள் நான். அச்சில் இருப்பதை நம்புவேன். 'யு' என்று போட்டிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், 'ஏ' என்றால் கூடாது, அவ்வளவுதான். நீயோ காலைக் காட்சிக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அவர்களை அழைத்துப்போவாய்.

"படம் பாக்க உனக்கு ஒரு சாக்கு," என்பேன்.

"ஆமாக்கா, சாக்குதான். ஆனா அந்த எழுத்து படத்தப் பத்திதான சொல்லுது? நம்ம புள்ளைங்களப் பத்தி அதுக்கு என்னா தெரியும்?"

நாய் சாகிற ஒரு படம் பார்த்துவிட்டு என் மகன் சோறு துன்னாமல் கிடந்தானே, அதுவும் 'யு'தான். அதற்கப்புறம், அப்படி ஓர் இடம் வருமுன்னே உன் முந்தானை பிள்ளைகள் முகத்தில் விழுந்துவிடும்.

"முடிஞ்சிச்சா சின்னம்மா?"

"இன்னும் இல்ல. கண்ணத் தொறந்தீங்க, கோவிந்தா!"

கொட்டகையில் சாமி பேரை இழுக்காதேடி என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

போன வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரியில் உன்னைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தபோது, சின்னப் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. நான் வெளியே வரும்போதெல்லாம் உன் மகள் பெஞ்சிலிருந்து எழுந்து, "அம்மா என்னா பண்றாங்க பெரியம்மா?" என்பாள்.

"தூங்கிக்கினு இருக்கா கண்ணு," என்பேன்.

நேற்று அதே திருப்பதியில் கோவிந்தராஜர் தரிசனம் முடிந்ததும் ஒரு படம் பார்க்கணும் என்றாள். நீ போனபிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை. போனில் தேடினேன்: 'யு'. அதுவும் போதாதென்று டிக்கெட் கொடுப்பவரைக் கேட்டேன். "பில்லல சினிமானே அம்மா, சூடண்டி," என்றார். பிள்ளைகள் படம்தான், பாருங்களென்று. முன்னாடியே பார்த்துச் சொல்லத்தான் நீ இல்லை.

ஆட்டமும் பாட்டுமாகப் போன படம். இடைவேளைக்குப் பிறகு, கதையில் வரும் சிறுமியின் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். மூக்கில் குழாய். கெட்ட வார்த்தை கிடையாது, ரத்தம் கிடையாது. எந்த எழுத்தும் அதைத் தடுத்திருக்காது. எழுந்து வெளியே கூட்டிப்போவதா, கண்ணை மூடுவதா? முந்தானையைப் பிடித்த என் கை எழவேயில்லை. 'வெங்கடேசா, வெங்கடேசா' என்று வாய் மட்டும் முணுமுணுத்தது.

அவளே என் கையிலிருந்து முந்தானையை உருவினாள். பாப்கார்ன் பிசுக்கு விரல்களால் அதை என் கண்மேல் வைத்து அழுத்தினாள்.

"நீ பாக்காத பெரியம்மா. அழுவ."

"நீயும் பாக்காதடி கண்ணு."

"நான் பாக்கணும். என்ன அன்னிக்கி உள்ளயே உடல."

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளைப் பார்க்க விட்டது சரியா தப்பா என்று பூதலப்பட்டு தாண்டியும் யோசித்துக்கொண்டு வந்தேன். தெரியவில்லை. நீயானால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாய். எனக்கு மிஞ்சியது, அந்தத் துணிக்குள் இருட்டில் உட்கார்ந்து நான் கேட்டதும், அவள் சொன்னதும்தான்.

"முடிஞ்சிச்சா?"

"இன்னும் இல்ல பெரியம்மா. கண்ணத் தொறக்காத."