கிரெனடாவில் கரையிறங்கிய சனிக்கிழமை

மார்ச் 10, 2019, ஞாயிறு

அன்புள்ள மிலாக்ரோஸுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

நேற்று கிரெனடாவில் கரையிறங்கினேன். உயிர்காப்புப் படகுக் காவலுக்காகக் கப்பலில் தங்கும் முறை நேற்று என்னுடையது. சமையற்கார ரோடெல் எனக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொண்டான். "போயிட்டு வாங்கண்ணே, கப்பல நான் திருடிட்டுப் போயிட மாட்டேன்" என்றான்.

என்னோடு கப்பலின் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் நண்பர்களோடு கடற்கரையில் அமர்ந்து வாழையிலையில் சோறும் சுட்ட மீனும் கையால் அள்ளி உண்டேன். பிறகு கடலில் இறங்கியபோது அலையொன்று என்னைக் கவிழ்த்தது. அவர்களில் ஒருவனான நெஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணிக்கு யாரு பதில் சொல்றது? எந்திரிங்க."

கடலுக்குப் போனது மூக்குக்கண்ணாடி மட்டுமே. இவ்வயதில் இத்தகைய நண்பர்கள் வாய்த்ததற்கு இறைவனுக்கு நன்றி.

ஏப்ரல் 2 அன்று கப்பலேறும் ரோடெலின் தம்பியிடம் என் பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்பு. உன் புகைப்படம் ஒன்றும் வேண்டும், பெரிதாக. கையிலுள்ளதில் உன் முகம் தெரியவில்லை.

வேலைமணி அடிக்கிறது.

உன்
கிறிசாந்தோ