இறந்தவர்கள் போட்ட கையெழுத்து

8.10.2012, திங்கள்

பழைய பேருந்து நிலையத்து இடத்தில் அந்தப் பெரிய கடை வரக்கூடாது என்று நினைக்கிறேனா, வரவேண்டும் என்று நினைக்கிறேனா? காலையிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள் இப்படி எழுத வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது?

அந்த இடத்தை முப்பது வருடக் குத்தகைக்கு ஒரு சென்னைக் கம்பெனிக்குக் கொடுக்க நகராட்சி முடிவு செய்துவிட்டது. மூன்று மாடி, ஏசி, சொந்த ஜெனரேட்டர், அரிசி முதல் பிரிட்ஜ் வரை எல்லாம் கிடைக்குமாம். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரவேண்டும்.

மாலையில் தம்பி சைபுல்லா வந்தான். அத்தா வைத்த மளிகைக்கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். கூடவே வர்த்தகர் சங்கத் தலைவர், ஜவுளிக்கடை நெய்னா முகம்மது அண்ணன்.

"நாங்க எழுதுனா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும்மா. நீ எழுதுனா சட்டம் பேசுற மாதிரி இருக்கும்" என்றார் அண்ணன்.

எழுதித் தருகிறேன் என்றேன்.

9.10.2012

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். வெள்ளிக்கிழமை ஷார்ஜாவிலிருந்து அவர் பேசினார். இதே மாதிரி ஒரு பெரிய கடையில்தான் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். அவருடைய பழைய மேலாளர் இப்போது அந்தச் சென்னைக் கம்பெனியில் இருக்கிறாராம்.

"நம்ம ஊர்க் கடைக்கு என்னைக் கேட்டிருக்காரு. கடை வந்துச்சுன்னா நான் வந்துடலாம்."

வந்துடலாம். திருத்துறைப்பூண்டி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது போலச் சொல்லிவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுமுறை. கூட்டிப் பார்த்தால் இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது பதின்மூன்று மாதம்கூட இல்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "இருந்துடட்டுமா?" என்பார். "உங்களுக்கு எது சரியோ" என்பேன். இருங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டு வாங்குவது எனக்கு வராது. மகள் அஃப்ரீன் வேலைக்குச் சென்னை போனபிறகு இந்த வீட்டில் நான் மட்டும்.

14.10.2012, ஞாயிறு

மனு முடிந்தது. இரண்டு பக்கம். பகலெல்லாம் மின்சாரம் இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே வந்திருக்கிறது. சிறு வியாபாரிகளை நம்பி எத்தனை குடும்பம், மேட்டூரைத் தாமதமாகத் திறந்து குறுவை போன வருடத்தில் ஊருக்கு இன்னொரு அடி எதற்கு — எல்லாம் எழுதினேன். தம்பி கடையில் துவரம்பருப்பு மூட்டைமேல் பூனை படுத்திருப்பதை எழுதவில்லை.

19.10.2012

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் எழில்மொழி. என் பழைய மாணவி, இப்போது ஏழாவது வார்டு கவுன்சிலர். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மனு நீங்கதான் எழுதுனீங்களாமே மேடம். படிச்சா தெரியுது, ஒரு இடத்துலகூட 'ஐயா சமூகம்' இல்ல."

"நீ எந்தப் பக்கம்?"

"கடை வரணும்ங்க. எங்க அம்மா தங்கம்மாள் நடவு முடிச்சுட்டு ஈரச் சேலையோட உங்க கடைத்தெருவுக்கு வரும். எல்லாருக்கும் போட்டு முடிச்சப்பறம்தான் அதுக்குப் பொட்டலம் வரும், அதுவும் கல்லு மேல வச்சுட்டுப் போவாங்க. உங்க அத்தா கடையில அப்படி இல்ல, அதையும் சொல்லிடுறேன். ஆனா ஒரு கடைதான மேடம்? அந்தப் புதுக் கடையில எங்கம்மா தானா கூடைய எடுத்துக்கிட்டு உள்ள போயி நடக்கணும். அவ்வளவுதான்."

இறங்கும்போது என் பையை வாங்கிக் கீழே கொடுத்தாள்.

24.10.2012, புதன்

கையெழுத்துகள் வந்துவிட்டன. நூற்றுப் பன்னிரண்டு. அனுப்புமுன் ஒருமுறை பார்த்துக்கொடு என்று தம்பி தாள்களைக் கொடுத்தான்.

மூன்றாவது வரியில் "மீரா உசேன்" என்றிருந்தது. அத்தாவின் பெயர். தம்பியின் சாய்ந்த கையெழுத்து. அத்தா இறந்து பதினாறு வருடம்.

எங்கள் கடைத்தெருவில் இது வழக்கம்தான். கடையை ஆரம்பித்தவர் பெயரில்தான் பலகை, உரிமம், ரசீதுப் புத்தகம், வரி. அவர் போனபிறகும் யாரும் மாற்றுவதில்லை. மகன்கள் சரக்கு வாங்கினால் அந்தப் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கை அப்படிப் பழகிவிட்டது. நெய்னா அண்ணன் தன் அத்தா "அல்லா பிச்சை"யாகப் போட்டிருந்தார். அவரை அடக்கம் செய்த அன்று நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விரல் வைத்து எண்ணினேன். எனக்குத் தெரிந்தே நாற்பத்தொரு பேர் உயிரோடு இல்லை.

நகராட்சிக்குப் போகிற தாளில் இது நிற்காது. எனக்கு அது தெரியும். பார்த்த உடனே தெரிந்தது.

"சரியா இருக்கா லாத்தா?" என்றான்.

"இருக்கு" என்றேன்.

25.10.2012

இருக்கு என்று ஏன் சொன்னேன்.

27.10.2012, பெருநாள்

அவர் பேசினார். "மாடி ரூம்ல ஃபேன் ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

பிறகு அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் புடவைகளைத் திரும்ப அதிலேயே அடுக்கிவிட்டேன்.

9.11.2012, வெள்ளி

மனு தள்ளுபடி. நகராட்சி தன் இறப்புப் பதிவேட்டையே எடுத்துப் பார்த்திருக்கிறது. "நாற்பத்தொருவர் காலமானவர்கள், எனவே மனு முழுவதும் நம்பத்தக்கதல்ல." எண்கூட நான் எண்ணியதுதான்.

கடைத்தெருவே கூடி நின்றது. டீக்கடையில் யாரோ, "அடுத்த தேர்தலுக்கு இந்தச் செத்தவங்களையே நிக்க வச்சுருவோம், செலவே இருக்காது" என்றார்கள். சிரித்தார்கள். சைபுல்லா சிரிக்கவில்லை.

"பதினாறு வருசமா அத்தா பேர்லதான வரி வாங்குறான்? வரி வாங்குறப்ப உயிரோட இருக்காரு, ஆட்சேபணைக்கு மட்டும் மவுத்தாயிட்டாரா?"

பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக: "நீ படிச்சுப் பாத்தியே லாத்தா."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலையில் எழில்மொழியின் போன். "மேடம், ஒருத்தி அசைன்மெண்ட்டை இன்னொருத்தி எழுதுனா ஒரு வரியில கண்டுபிடிப்பீங்க. இது எப்படி விட்டீங்க?"

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஏதோ சொன்னேன். பொய். இரண்டாவது பொய்.

28.11.2012, புதன்

நாளை நகர்மன்றத்தில் தீர்மானம். எழுதித் தந்தவர் நேரில் ஐந்து நிமிடம் பேசலாம் என்று எழில்மொழியே கேட்டு வாங்கியிருக்கிறாள். "நான் உங்களுக்கு எதிராத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனா உங்களைப் பேச விடலைன்னு இருக்கக் கூடாது" என்கிறாள். நான் நடத்திய பெண்தான். அவளுக்கு இருப்பது எனக்கு எங்கே போயிற்று?

பகல் இரண்டரைக்கு, அவருடைய சாப்பாட்டு நேரம் பார்த்து, ஷார்ஜாவுக்கு நானே போன் செய்தேன். எப்போதும் அவர்தான் செய்வார். பயந்துவிட்டார்.

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல." எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்காகவா விட்டே?"

"ஆமா."

பின்னால் பில் போடும் மெஷின்கள் கீச் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

"அது தப்புல்ல, தஹ்மீனா."

"தெரியும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். சொன்னா கடை வராம நின்னாலும் நிக்கலாம்." அப்புறம் — எப்படி வந்தது என்று தெரியவில்லை — "கடை வந்தாலும் வராட்டியும் நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பதில் வருமுன் பாலன்ஸ் தீர்ந்துவிட்டது. அவரும் திரும்ப அழைக்கவில்லை.

நாளை தீர்மானம் தள்ளிப்போகும், கடைத்தெரு என்னை மன்னிக்கும், அவர் மன்னிக்க மாட்டார். இப்படித்தான் நடக்கும் என்று தோன்றுகிறது.

29.11.2012, வியாழன்

நடந்தது:

எழுந்து நின்று சொன்னேன். கையெழுத்துப் போட்டவர்கள் உயிரோடு இதே மன்றத்துக்கு வெளியே நிற்கிறார்கள், போட்ட பெயர்தான் அவர்களுடையதல்ல. அதை முன்பே பார்த்தவள் நான், சொல்லாமல் விட்டவளும் நான். காரணம் யாரும் கேட்கவில்லை. தலைவர் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார். ஓட்டுக்கு விட்டார்கள். பதினெட்டுக்கு ஒன்பது. கடை வருகிறது. எழில்மொழி கை தூக்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள்.

வெளியே நெய்னா அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சைபுல்லா செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்விட்டான்.

மூன்று மணிக்கு அவரிடமிருந்து செய்தி. அந்த வேலை போன மாதமே வேறு ஒருவருக்குப் போய்விட்டதாம். என்னிடம் சொல்ல மனம் வரவில்லையாம். "ஜனவரி பத்து டிக்கெட் போட்டுட்டேன். தம்பி கடையில நிக்கலாமா, கேட்டுச் சொல்லு."

நான்கு முறை படித்தேன்.

மாலையில் வழக்கமான வியாழக்கிழமைச் சாமான் வந்தது. எப்போதும் சைபுல்லா தானே கொண்டுவருவான், இன்று கடை ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். ரசீதின் அடியில் அத்தா பெயர் இல்லை. பழகாத கையில், எழுத்து எழுத்தாக, "மீ. சைபுல்லா."

அவனிடம்தான் கேட்க வேண்டும்.