மேலதிகாரிக்கு வேலை பிடித்துக் கொடுத்தேன்

சுங்கை பினாங்,
ஞாயிறு காலை

அன்பு மகள் அதிராவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் முறுக்குப் பார்சலுக்குள் கடிதமாக வைக்கிறேன்.

பிறை தொழிற்பேட்டையில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்சியில் சேர்ந்தேன் அல்லவா, நாள் முழுக்கப் போன் போட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேடும் வேலை. எனக்கு மேலே ஹரீஷ் என்று ஒரு தம்பி, உன் வயதுதான் இருக்கும். மூன்று மாதத்தில் ஆறு பேரைச் சேர்த்துவிட்டால்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள், கடைசி நாள் வரை ஐந்து பேர்தான் கிடைத்தார்கள். எனக்கு மறைக்கத் தெரியவில்லை, அதுதான் குறை. நின்றுகொண்டே வேலை, கழிப்பறை தூரம், சூப்பர்வைசர் கத்துவார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அவர்களும் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். ஹரீஷ் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆண்ட்டி, கேக்காததெல்லாம் ஏன் சொல்றீங்க லா" என்பான். அவனும் பாவம், கையில் இரண்டு போன், சோற்றைப் பிசையும்போதுகூட இரண்டும் அடிக்கும்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பெண்ணிடம், போனை லாக்கரில் பூட்டிவிடுவார்கள், எட்டு மணி நேரம் யாரும் உன்னைக் கூப்பிட முடியாது என்றேன், அவள் பயந்துபோய் வைத்துவிட்டாள். பக்கத்து மேசையில் ஹரீஷ் தன் இரண்டு போனையும் கவிழ்த்து வைத்தான். "யாருமே கூப்பிட முடியாதா ஆண்ட்டி? ஹெட் ஆபீஸ்கூட?" என்றான். முடியாது என்றேன். "அந்த இடம் இன்னும் காலியா இருக்கா?" என்று நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டான். முறையாக இன்டர்வியூ செய்யச் சொன்னான், அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகளையே கேட்டேன். உங்கள் பலவீனம் என்ன என்றதற்கு, "போன் அடிச்சா சோறு எறங்க மாட்டேங்குது" என்றான். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அவன் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. மீதிக் கேள்விகளுக்குப் பதிலை நானே நிரப்பிவிட்டேன். என்னை நிரந்தரமாக்கும் தாளில் ஆறாவது ஆளாகத் தன் பெயரை எழுதி, மேலதிகாரி என்ற இடத்தில் கையெழுத்தும் அவனே போட்டான்.

இப்போது அந்தத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பிரிவில் இருக்கிறான். அவன் அம்மா என்னைக் கூப்பிட்டு, ஆபீசில் இருந்த பிள்ளையை இப்படிப் பண்ணிட்டீங்களே என்று அழுதார். மறுவாரம் கூப்பிட்டு, பையன் உட்கார்ந்து முழுத் தட்டு சோறு சாப்பிடுகிறான் என்று அதற்கும் அழுதார்.

ஹரீஷ் இடத்துக்கு ஆள் தேடும் பொறுப்பையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். விளம்பரம் போட்டேன், வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். பெயர் சந்திரசேகரன், வயது அறுபத்து மூன்று, முன்பு லாரி ஓட்டுநர். ஆமாம், உன் அப்பாதான். வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் இந்த வேலை என்ற இடத்தில், பகலில் பேச ஆளில்லை என்று எழுதியிருக்கிறார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், இந்த மனுஷருக்குப் பேச ஆசை உண்டென்றே எனக்குத் தெரியாதடி. அடுப்பை அணைத்தேன். பிறகு, திங்கள் பத்து மணிக்கு இன்டர்வியூ என்று முறைப்படி மெசேஜ் போட்டேன். முன் அறையிலிருந்து, "சரிங்க மேடம்" என்று பதில் வந்தது. இப்போது சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர்மலை முருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். முறுக்கு நமுத்துப்போவதற்குள் தோழிகளுக்கும் கொடு. இது கைக்கு வந்த வாரம் என்னைக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு, அவராக நிறுத்தும்வரை வைக்காதே.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா பிரமிளா