பச்சைப் பெட்டியில் ஃப்ரில் ஃபுட்

பிப்ரவரி, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஸ்கூல் ஆண்டு விழாப் பாவாடைகள் வெட்டியாயிற்று. ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு ஃப்ரில். சனிக்கிழமை காலை கொடுக்க வேண்டும். காட்டூரில் எனக்கு முதல் பெரிய ஆர்டர். சொதப்பினால் டீச்சர் இந்தத் தெருப்பக்கமே வர மாட்டார்.

கையால் சுருக்கினால் ஒரு பாவாடைக்கே அரை நாள். தெப்பக்குளம் கடையில் ஃப்ரில் ஃபுட் வாங்கி வந்தேன். தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே மாட்டினால் தானே சுருக்கித் தைக்குமாம். எங்கே! துணியைத் தொடவே இல்லை. அந்தரத்தில் தொங்குகிறது.

புதன்

மெஷினை போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி கடை.

"பழைய மெஷினாம்மா? இதுல ஃபுட்டு மாட்டுற கம்பி உயரங்க. இப்ப வர்றதெல்லாம் குட்டைக் கம்பிக்குத்தான். மெஷினோட வந்த பெட்டி இருக்கும் பாருங்க, அதுல உள்ளதுதான் சேரும்."

பெட்டி! பச்சைத் தகரப் பெட்டி. அது ஸ்ரீரங்கத்தில், ஓரகத்தி வீட்டில். மாமியார் போனபின் சாமான் பிரித்தபோது மெஷின் எனக்கு வந்தது. பெட்டியை அவர் பிடுங்கிக்கொண்டார். அவரிடம் இருப்பது குட்டைக் கம்பி மெஷின். எனக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

வாங்க: மெரூன் நூல், எலாஸ்டிக், ஊசி, மெஷின் எண்ணெய்.

போன் செய்யவில்லை.

வியாழன்

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீயே பேசேன். அண்ணி என்ன கடிச்சா திங்கப் போறாங்க?" என்றார். இவருக்கென்ன, சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

மாலை பேசிவிட்டேன்.

"அக்கா, அந்தப் பெட்டியில ஃப்ரில் ஃபுட்டு இருக்கா?"

"இருக்கு."

"நான் வந்து வாங்கிக்கட்டுமா?"

"வேணாம். காலையில நானே கொண்டு வரேன்."

வைத்துவிட்டார். நான் ஏன் வரக் கூடாது? தூக்கம் இல்லை.

வெள்ளி

விடிந்ததும் வந்துவிட்டார். பெட்டி மடியிலேயே. காபியைத் தொடவில்லை. ஃபுட்டை எடுத்து நீட்டினார். திருகு போகும் இடத்தை யாரோ அரத்தால் கீழ்வரை ராவியிருந்தார்கள்.

மாட்டினேன். ஆட்டம். சக்கரத்தைக் கையால் சுற்றியதற்கே நழுவியது. ஊசி மோதி முறிந்தது.

"எம் மெஷினுக்கு சேரும்னு நான்தான் ராவுனேன். அதுக்கும் சேரல."

"இருந்ததையும் கெடுத்து வச்சிட்டீங்களேக்கா! நாளைக்கு நான் எதைக் கொடுப்பேன்?" கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மெரூன் பட்டையை இழுத்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்த ஆரம்பித்தார். என்ன வேகம்!

"நான் மடிச்சுத் தரேன். நீ ஓட்டு."

மதியம் ரசம் சாதம். மற்றபடி எழுந்திருக்கவே இல்லை. இருட்டிய பிறகுதான் கடைசிப் பாவாடை முடிந்தது. பஸ்ஸுக்கு ஓடினார்.

சனி

கொடுத்தாயிற்று. டீச்சர் ஃப்ரில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்க" என்றார்.

வீடு பெருக்கும்போது மெஷினுக்கு அடியில் பச்சைப் பெட்டி. உடனே போன்.

"அக்கா, பெட்டிய மறந்துட்டுப் போயிட்டீங்க."

"மறக்கல" என்றார்.