அக்கா போடாத மதிப்பெண்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம், இருமல்கூட நின்றுவிட்டது. உன் முட்டிவலி எப்படி?

சமூகப்பணித் தேர்வில் சின்னச் சறுக்கல், கவலைப்படாதே. மதிப்பெண் போட ஆசிரியரோடு ஓர் அக்காவும் வந்திருந்தார். அவருடைய குழந்தையை ஒருகாலத்தில் சமூகப்பணியாளர்கள்தான் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்களாம்; அப்படி அனுபவப்பட்டவர்களையும் இங்கே மதிப்பெண் போட அழைக்கிறார்கள். அவர் வீட்டுக்கு விசாரிக்கப் போனதுபோல் அவரிடமே பேசிக் காட்டவேண்டும், அதுதான் தேர்வு. படிவத்திலிருந்த கேள்வி ஒன்றுவிடாமல் கேட்டேன். ஆசிரியர் தேர்ச்சி என்றார். அக்கா மறுத்துவிட்டார்.

"எல்லாம் சரியாத்தான் கேட்டேப்பா. ஆனா நான் அழுதப்பவும் பேப்பரைத்தானே பாத்துட்டிருந்தே? அன்னிக்கு வந்தவங்களும் அப்படித்தான்."

இங்கே குளிர். அப்பாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்பு, துவைக்காதே.

தபால் நேரமாகிவிட்டது. அப்பா போனதிலிருந்து மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று மட்டுமே உன்னிடம் கேட்டிருக்கிறேன். தனியாகச் சாப்பிட உட்காரும்போது அழுகிறாயா, அம்மா?

உன் மகன்