நீலமாக மாறிய தாள்

இன்று காலை லேபில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிவப்பு லிட்மஸ் தாளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தொட்டாள். தாள் நீலமானது. அவள் நோட்டில் 'நோ சேஞ்ச்' என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து முன்பே எழுதிவிட்டாளாம்.

"கண்ணால பார்த்தியா இல்லையா?" என்று கத்திவிட்டேன்.

"பார்த்தேன் மிஸ். ஆனா எழுதிட்டேனே."

நீ இறந்துபோய் நாற்பது நாள் ஆகிறது, தோழி.

பதினான்கு வருடத்துக்கு முன், அன்றும் காலைதான். எனக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. பள்ளிப் பிரேயரில் நிற்கும்போது வெதுவெதுப்பாக ஏதோ காலில் இறங்கியது. ஆட்டோ பிடித்துக் குரோம்பேட்டையில் நீ நர்ஸாக இருந்த கிளினிக்குக்கு வந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு எது வலித்தாலும் உன்னிடம்தானே ஓடிவருவேன்? டாக்டர் ஊரில் இல்லை. நீயே பார்த்தாய். பஞ்சில் தொட்டெடுத்துச் சிவப்பு லிட்மஸ் தாளில் ஒற்றினாய்.

"ஏய், நீலமா ஆகுதே?"

"வந்துட்டாங்கடா கெமிஸ்ட்ரி மிஸ்! யூரின் பட்டாலும் சில நேரம் மாறும்டி. பாப்பா பிளாடரை ஒதைக்குது, சொட்டுது. போய்க் காலை நீட்டிப் படு."

நானும் சிரித்தேன். அதில் சிறுநீரின் வாடையே இல்லை. சிறுநீர் பெரும்பாலும் அமிலம், சிவப்புத் தாளை நீலமாக்காது என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். இருந்தும் தாளை விட்டுவிட்டு உன் முகத்தை நம்பினேன். நீ தாளைக் குப்பைக்கூடையில் போட்டாய்.

மறுநாள் போன் செய்தேன். "இன்னும் நிக்கலடி."

"வெள்ளைப்படுறதா இருக்கும், பயந்தாங்கொள்ளி."

மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல். தாம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மா கருவியை வைத்து விளக்கைத் திருப்பி, "கொஞ்சம் இருமுங்கம்மா" என்றார். இருமினேன். நீர் கசிந்து வந்து தேங்குவதை அவர் கண்ணாலேயே பார்த்தார். ஸ்கேனில் குழந்தையைச் சுற்றி நீர் மிகக் குறைவு.

"பனிக்குடம் உடைஞ்சு ரெண்டு மூணு நாள் ஆகியிருக்கும்மா. இன்ஃபெக்‌ஷன் ஏறிடுச்சு. அன்னைக்கே யாரும் பார்க்கலியா? லிட்மஸ் வெச்சிருந்தாலே நீலமாகிக் காட்டியிருக்குமே."

என் மகள் ஒரு பகல் உயிரோடு இருந்தாள்.

நீ தவறாகக் கணித்திருக்கலாம். உனக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் குழந்தை போய் ஒரு மாதம் கழித்து என் கணவர் கிளினிக்கிலிருந்து என் ஃபைலை வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் உன் உருண்டையான கையெழுத்து: 'லிட்மஸ்: நோ சேஞ்ச்'. அதை அன்றே எழுதினாயா, என் குழந்தை போனபிறகு எழுதினாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உன் ஃப்ரெண்டு பார்த்ததுதானே, சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். நான் மறுக்கவில்லை. வாயைத் திறந்தால் உன் வேலை போய்விடும். நீயாக வந்து சொல்வாய் என்று இருந்தேன். பதினான்கு வருடம் இருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ கேக் கொண்டுவந்தாய், நான் சாப்பிட்டேன்.

ஒருமுறை பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று நின்றாய். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்றாய். சொல்லிவிட்டால் உன்னைக் கட்டிக்கொண்டு அழலாம் என்றுகூட நினைத்தேன்.

"எனக்கு சுகர் வந்திருக்கு" என்றாய்.

அந்த சுகர்தான் கடைசியில் உன் கிட்னியைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தேன். என் கையை விடாமல் பிடித்திருந்தாய். பேசும் தெம்பு இருந்த நாட்களிலும் அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. பாசத்தால் உட்கார்ந்திருந்தேனா, அந்த ஒரு வார்த்தைக்காகவா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஃபைலை எடுத்தேன். உன் எழுத்தின் மேல் கோடு போட்டு 'நீலம்' என்று எழுதச் சிவப்புப் பேனாவையும் திறந்தேன். முடியவில்லை. அது நீ எழுத வேண்டியது. பேனாவை மூடி, ஃபைலைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

காலையில் லேபில் அந்தப் பெண்ணை மறுபடி தாளைத் தண்ணீரில் தொடச் சொன்னேன். தொட்டாள், பார்த்தாள், எழுதியதன் மேல் கோடு போட்டுவிட்டுத் தன் கையாலேயே திருத்தினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.